நடையா, எடையா?

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தபோது, நாகர்கோவிலில் எங்கள் மைனிக்கு (அண்ணிக்கு) உடல் எடை கூடியிருந்தது, சுகரும் ஏறியிருந்தது. கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டும், மாதக்கணக்கில் நடமாட்டம் குறைவதும் இப்படிச் செய்யும்.

முதலில் நடை. வடசேரி அண்ணா ஸ்டேடியத்தில் வாரம் 5 நாள், தினம் அரைமணி நேரம். மொத்தம் 150 நிமிடம். செலவில்லை, களைப்பு குறையும். ஐப்பசி மழை பிடித்தால்தான் நின்றுபோகும்.

சுகருக்கு எடைப் பயிற்சியும் கட்டாயம் வேண்டும் என்பேன். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான். சிகிச்சையில் கரைவதும் அதுதான். நடை அதைப் பெரிதாக வளர்க்காது. வாரம் 2 நாள், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவதும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதும் தொடக்கத்துக்குப் போதும்.

"ஆபரேசன் செஞ்ச கையால குடம் தூக்கப்பிடாதுன்னுல்லா சொன்னாவ?" என்று மைனி பயந்தார். நியாயமான பயம்; இந்த ஆபரேசனுக்குப் பின் அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். ஆனால் 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கைவீக்கம் இருந்த பெண்களுக்கும், பயிற்சியாளர் துணையோடு மெல்ல எடையைக் கூட்டியபோது வீக்கம் அதிகரிக்கவில்லை.

சரி, காயம் ஆறும்வரை நடை மட்டும். அப்புறம் டாக்டரிடம் கேட்டு எடை. கை வீங்கி வளையல் இறுகினால் அன்றே நிறுத்திக் காட்டிவிட வேண்டும். மைனி இப்போது 1 கிலோ தூக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.