வீவக வீட்டுக்காரருக்கு எந்தக் கார்: பெட்ரோலா, ஹைப்ரிடா, மின்காரா?

மின்கார் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இரவில் காரை எங்கே நிறுத்துகிறீர்கள்? தரைவீட்டு வாசலிலா, கொண்டோவின் அடித்தளத்திலா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடி கார் நிறுத்துமிடத்திலா? சிங்கப்பூரில் மாடல், பேட்டரி, வேகம் எல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரே கார் ஒருவருக்குக் கையைக் கடிக்காமலும் இன்னொருவருக்குப் பெட்ரோல் காரைவிடச் செலவு வைப்பதாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டம். 95 பெட்ரோல் லிட்டர் 2.80 வெள்ளி, வங்கி அட்டைத் தள்ளுபடி 15 விழுக்காடு போனால் 2.38. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர், ஹைப்ரிட் 23. மின்கார் ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர். வீட்டு மின்சாரம் யூனிட் 30 காசு, வீவக நிறுத்துமிடத்தில் மெதுவாக ஏற்றினால் 62, விரைவு மின்னூட்டியில் 75 என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கு இடம் இந்த விலைகள் மாறும். உங்கள் நிறுத்துமிடத்தின் விலையைப் போட்டு மறுபடி கணக்கிடுவது அவசியம்.

| கார் | ஒரு கி.மீ. | ஆண்டு எரிபொருள் அல்லது மின்சாரம் | சாலை வரி | இரண்டும் சேர்த்து |
|---|---|---|---|---|
| 1.6 லிட்டர் பெட்ரோல் | 15.9 காசு | 2,380 வெள்ளி | 742 | 3,122 |
| 1.8 லிட்டர் ஹைப்ரிட் | 10.3 காசு | 1,552 | 975 | 2,527 |
| 100 கிலோவாட் மின்கார், வீட்டில் சார்ஜ் | 5 காசு | 750 | 1,502 | 2,252 |
| அதே மின்கார், வீவகவில் சார்ஜ் | 10.3 காசு | 1,550 | 1,502 | 3,052 |
| அதே மின்கார், விரைவுச் சார்ஜ் மட்டும் | 12.5 காசு | 1,875 | 1,502 | 3,377 |

இரண்டாவது வரிசையையும் நான்காவது வரிசையையும் சேர்த்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு ஆகும் செலவு இரண்டிலும் ஒன்றே. யூனிட் 62 காசுக்கு மேல் போனால் ஹைப்ரிட் முந்துகிறது. அதற்குக் கீழே வந்தால் மின்கார் முந்துகிறது. ஆகவே விளம்பரத்தில் வரும் ‘எரிபொருள் செலவு மிச்சம்’ என்ற பேச்சை, தரைவீட்டில் இருப்பவர் நம்பலாம். வீவகவில் இருப்பவர் பாதிதான் நம்பலாம். சில மின்னூட்டு நிறுவனங்கள் மாதச் சந்தாவும் இரவுச் சலுகையும் தருகின்றன. யூனிட் 50 காசுக்குக் கிடைத்தால் ஆண்டுச் செலவு 1,250 ஆகக் குறையும். உங்கள் நிறுத்துமிடத்தில் இருப்பது எந்த நிறுவனம் என்பது அதனால் முக்கியம். அதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று குறைத்துப் போட்டதற்குக் காரணம் உண்டு. காரின் திரை 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று காட்டும். ஆனால் கட்டணம் மின்னூட்டியின் மீட்டர்படி. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும்போதும் பேட்டரி குளிர்விப்பிலும் சுமார் பத்து விழுக்காடு வழியிலேயே போய்விடும். திரையில் வரும் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் அந்தப் பத்து விழுக்காடு விட்டுப்போகும்.

இனி சாலை வரி. மின்காருக்கு மோட்டாரின் சக்தியை வைத்து ஒரு தொகை. அதற்கு மேல் ஆண்டுக்கு 700 வெள்ளி நிலையான தொகை. 100 கிலோவாட் காருக்கு 802 கூட்டல் 700. மின்கார் பெட்ரோல் தீர்வை கட்டுவதில்லை என்பதால் வைத்த தொகை இது. 95 பெட்ரோலில் லிட்டருக்கு 66 காசு தீர்வை அடங்கியிருக்கிறது. ஆண்டுக்கு 1,000 லிட்டர் போடுபவர் 660 வெள்ளி கட்டிவிடுகிறார். ஆனால் ஒரு வேறுபாடு: பெட்ரோல்காரர் ஓட்டத்துக்கு ஏற்பக் கட்டுகிறார், மின்கார்காரர் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கட்டுகிறார். வார இறுதியில் தேக்காவுக்கும் கோயிலுக்கும் மட்டும் கார் எடுக்கும் குடும்பத்துக்கு இது நேரடி நட்டம். ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வீவக சார்ஜில் மின்கார் 2,329 வெள்ளி, பெட்ரோல் 2,011, ஹைப்ரிட் 1,803. பெட்ரோல் காரோடு சாலை வரியில் உள்ள 760 வெள்ளி வித்தியாசத்தை ஈடுகட்டவே ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

அப்படியானால் ஏன் இத்தனை பேர் வாங்குகிறார்கள்? 2024-ல் புதிதாகப் பதிவான கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்கார். விடை வாங்கும் விலையில் இருக்கிறது.

பொதுச் சந்தை மதிப்பு, அதாவது வரிகளுக்கு முந்திய இறக்குமதி விலை, 32,000 வெள்ளி உள்ள காரை எடுத்துக்கொள்வோம். கூடுதல் பதிவுக் கட்டணம், அதாவது ஏஆர்எஃப், முதல் 20,000-க்கு நூறு விழுக்காடு; அடுத்த 20,000-க்கு 140 விழுக்காடு. 20,000-உம் 12,000-இல் 140 விழுக்காடான 16,800-உம் சேர்ந்து 36,800. விஇஎஸ் என்ற வாகனப் புகை வெளியேற்றத் திட்டத்தின் கூடுதல் கட்டணப் பிரிவில் விழாத பெட்ரோல் கார் இதை முழுவதும் கட்டும். மின்காருக்கு 2026-ல் விஇஎஸ் தள்ளுபடி 22,500. இஇஏஐ என்ற தொடக்கச் சலுகை ஏஆர்எஃப்-இல் 45 விழுக்காடு, உச்சவரம்பு 7,500. இரண்டும் கழிந்தால் கட்ட வேண்டியது 6,800. பத்தாண்டு எரிபொருள் மிச்சத்தைவிட இந்த 30,000 வெள்ளிதான் பெரிது. பல ஹைப்ரிட்களுக்குக் கிடைத்துவந்த சிறு தள்ளுபடியும் 2026-ல் இல்லை.

கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு அனுமதியான வாகன உரிமைச் சான்றிதழிலும் மின்காருக்கு ஒரு வாய்ப்பு. சிறிய கார்களுக்கான ‘ஏ’ பிரிவில் பெட்ரோல் காருக்கு 1,600 சிசி, 97 கிலோவாட் என்று இரண்டு எல்லை. மின்காருக்கு 110 கிலோவாட் என்ற ஒரே எல்லை. அதனால்தான் பிஒய்டி அட்டோ 3 போன்ற நடுத்தர எஸ்யூவிகள் 100 கிலோவாட்டாகக் குறைக்கப்பட்டு இங்கே வருகின்றன. அதே பணத்துக்குப் பெட்ரோலில் இவ்வளவு பெரிய கார் கிடைப்பது அரிது. சக்தி குறைந்தது ஊருக்குள் தெரியாது; 90 வேக எல்லை உள்ள விரைவுச்சாலையிலும் தெரியாது.

ஆனால் விற்பனையாளர் சொல்லாமல் விடும் ஒன்று இருக்கிறது. பத்தாண்டு முடியும் முன் காரைப் பதிவிலிருந்து நீக்கினால் கிடைக்கும் பார்ஃப் தொகை, கட்டிய ஏஆர்எஃப்-இல் ஒரு பங்கு. மேலே சொன்ன கணக்கில் பெட்ரோல் காருக்கு 36,800-இன் பங்கு. மின்காருக்கு 6,800-இன் பங்கு. எந்த ஆண்டு பதிவானது, எத்தனை வயதில் நீக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து விழுக்காடு மாறும். ஆனால் அடிப்படைத் தொகை சிறியதாக இருக்கும்போது கிடைப்பதும் சிறியதுதான். ‘ஆண்டுத் தேய்மானம்’ என்று விளம்பரத்தில் போடும் எண்ணில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு, கணக்கை எழுதி வாங்குங்கள்.

பேட்டரி உத்தரவாதம் பெரும்பாலும் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் மாற்றித் தருவார்கள். சான்றிதழோ 10 ஆண்டு. கடைசி இரண்டு ஆண்டு உங்கள் பொறுப்பு. பழைய மின்கார் வாங்குபவருக்கு இதுவே முதல் கேள்வி. தனி இறக்குமதி வழியாக வந்த காரென்றால் உத்தரவாதத்தைத் தருவது தயாரிப்பாளரா, இறக்குமதியாளரா என்று பார்க்க வேண்டும். இறக்குமதியாளர் கடையை மூடிவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பேட்டரியின் வகையையும் கேளுங்கள்: எல்எஃப்பி என்றால் வாரம் ஒருமுறை நூறு விழுக்காடு ஏற்றுவது நல்லது, அப்போதுதான் மிச்சத்தைக் காட்டும் அளவு சரியாக இருக்கும். என்எம்சி என்றால் அன்றாடம் 80-உடன் நிறுத்துங்கள்.

பராமரிப்பில் மின்கார் தெளிவாக முன்னே. எஞ்சின் எண்ணெய், ஸ்பார்க் பிளக் எதுவும் இல்லை. பிரேக் கட்டையும் மெதுவாகத்தான் தேயும். ஏர்கான் வடிகட்டி, பிரேக் திரவம், குளிர்திரவம் இவைதான் வேலை. எடை கூடுதல் என்பதால் டயர் சீக்கிரம் தேயும். காப்புறுதியை முன்பணம் கட்டும் முன்பே விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்காருக்குக் கூடுதலாகக் கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

வீவக நிறுத்துமிடத்தில் அன்றாடம் எப்படி இருக்கும்? 15,000 கிலோமீட்டர் என்றால் வாரத்துக்கு 290, அதாவது 48 யூனிட். அங்குள்ள மின்னூட்டிகள் பெரும்பாலும் 7.4 கிலோவாட், ஆறரை மணி நேரம். வாரத்தில் ஓர் இரவு போதும். இது சிரமமே இல்லை, இடம் கிடைத்தால். இரவு எட்டு மணிக்கு வேலைவிட்டு வரும்போது இடம் காலியாக இருக்கிறதா என்று ஒரு வாரம் தினமும் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உங்கள் புளோக்கில் இல்லாமல் வேறு நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டியிருந்தால் நிறுத்தக் கட்டணம் சேரும், இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை உச்சவரம்பு 5 வெள்ளி. வாரம் ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 260 வெள்ளி, மேலே உள்ள அட்டவணையில் அது இல்லை.

செருகியதும் உடனே மின்தூக்கிக்குப் போய்விடாதீர்கள். இரண்டு நிமிடம் நின்று காரின் திரையில் கிலோவாட் எண்ணைப் பாருங்கள். 6.5 முதல் 7 வரை காட்டினால் சரி. 3-ஐச் சுற்றி நின்றால் பல கார்கள் சேர்ந்து செருகியதால் மின்சுமை பகிரப்படுகிறது. காலைக்குள் பாதிதான் ஏறும். சுழியம் என்றால் இரண்டு காரணம்: செயலியில் பணம் அங்கீகரிக்கப்படவில்லை, அல்லது காரில் ‘குறித்த நேரத்தில் சார்ஜ்’ என்ற அமைப்பு இயங்குகிறது. இரண்டாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை, மின்னூட்டி பழுது என்று நினைத்துவிடுகிறார்கள். காலையில் கேபிள் கழலவில்லை என்றால் இழுக்காதீர்கள். காரின் பூட்டைத் திறந்தால் பிடி விடும். சில இடங்களில் கேபிள் மின்னூட்டியோடு இருக்கும், சில இடங்களில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். டைப் 2 கேபிள் ஒன்று பின்பெட்டியில் கிடக்கட்டும். சார்ஜ் முடிந்தும் எடுக்காவிட்டால் சில நிறுவனங்கள் நிமிடக் கணக்கில் பணம் பிடிக்கும். இரவில் விலக்கு உண்டா என்று செயலியில் பாருங்கள். 22 கிலோவாட் பெட்டியில் செருகினாலும் காருக்குள் இருக்கும் மாற்றி 7 கிலோவாட்தான் வாங்கும் என்றால் அதற்குமேல் ஏறாது.

தரைவீட்டில் பொருத்துபவர் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து முதலில் வீட்டின் மொத்தச் சுமையைப் பார்க்க வேண்டும். 7.4 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர். 40 ஆம்பியர் முதன்மை இணைப்பில் இரண்டு ஏர்கானும் உடனடி நீர்ச்சூடேற்றியும் ஓடும்போது காரையும் ஏற்றினால் வீடே இருளும். மின்னூட்டி நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற வகையாக இருக்க வேண்டும், பதிவும் வேண்டும். 2023 டிசம்பர் முதல் சட்டம் இது. கொண்டோவில் நிர்வாகக் குழுவின் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் வேண்டும். முன்பு 90 விழுக்காடு வாக்கு தேவைப்பட்ட இடத்தில் இப்போது பத்தாண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்குப் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும்.

ஜோகூருக்கு அடிக்கடி போகிறவர் இன்னொரு கணக்குப் போட வேண்டும். பெட்ரோல் கார் உட்லண்ட்ஸ், துவாஸ் வழியாக வெளியேறும்போது முக்கால் டாங்க் இருக்க வேண்டும். மின்காருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அக்கரையில் நமக்கு அனுமதியுள்ள ரான் 97 பெட்ரோல் 2025-ல் லிட்டர் ஒரு வெள்ளிக்குச் சற்று முன்னே பின்னே இருந்தது. அந்த விலையில், வாரந்தோறும் போகும் ஹைப்ரிட்காரருக்கு அங்கே போடும் பெட்ரோல் கிலோமீட்டருக்கு 4 காசு சொச்சம். நம் வீட்டு மின்சாரத்தைவிட மலிவு. இப்படிப்பட்டவர் மின்காருக்கு மாறினால் செலவு கூடும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போவதென்றால் ஜோகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் 330 கிலோமீட்டர். 60 யூனிட் பேட்டரி 110 வேகத்தில் ஏறக்குறைய 310 தான் தாங்கும். வழியில் ஒருமுறை சார்ஜ் கட்டாயம். தங்காக், பாகோ நிலையங்களில் விரைவு மின்னூட்டி உண்டு, இரண்டு நாட்டிலும் சிசிஎஸ் 2 செருகிதான். மலேசியச் செயலிகளை வீட்டிலிருந்தே பதிவிறக்கி அட்டையை இணைத்துவிடுங்கள். பண்டிகை வாரத்தில் வரிசை நீளும் என்பதால் 40 விழுக்காடு இருக்கும்போதே நிறுத்துங்கள். 10-இல் போய் நின்று பெட்டி பழுதாக இருந்தால் அடுத்த நிலையம் எட்டாது.

எங்கள் தீர்ப்பு இது. தரைவீடு, ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம்: மின்கார், யோசிக்கவே வேண்டாம். வீவகவில் சொந்த நிறுத்துமிடத்திலேயே மின்னூட்டி, யூனிட் 60 காசுக்குக் கீழே: மின்கார், ஆனால் லாபம் தள்ளுபடியில்தான் என்று தெரிந்தே வாங்குங்கள். நிறுத்துமிடத்தில் மின்னூட்டி இன்னும் வரவில்லை அல்லது இடம் கிடைப்பதில்லை என்றால் ஹைப்ரிட். விரைவு மின்னூட்டியை மட்டும் நம்பி மின்கார் வாங்காதீர்கள். பெட்ரோல் கார், மிகக் குறைவாக ஓட்டுபவருக்கும் மலேசியாவில் பெட்ரோல் போடுபவருக்கும் மட்டும்.

கையெழுத்துப் போடும் முன் கடைசியாக ஒன்று. தள்ளுபடி, கார் பதிவாகும் நாளைப் பொறுத்தது; முன்பணம் கட்டிய நாளைப் பொறுத்ததல்ல. இஇஏஐ 2026 டிசம்பர் 31-உடன் முடிகிறது. 2027-ல் விஇஎஸ் 20,000 ஆகக் குறைகிறது. சான்றிதழ் ஏலம் மாதம் இரண்டு முறைதான். ஆண்டின் கடைசி மாதங்களில் உத்தரவாதமில்லாத ஏல ஒப்பந்தம் போட்டு, நான்கைந்து முறை தவறி ஜனவரிக்குத் தள்ளிப்போனால் 10,000 வெள்ளி குறையும். அந்த 10,000-ஐ யார் ஏற்பது, விலையை உயர்த்தினால் முன்பணம் முழுவதும் திரும்புமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.