இலவச மென்பொருளுக்கு 18,000 ரூபாய் கொடுத்தேன்

கோவையில் பம்பு உதிரிபாகங்களுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்கும் சிறிய அலுவலகம் என்னுடையது. கணினிகள் அனைத்திலும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுதான். பல ஆண்டுகள் பயன்படுத்திய டிராஃப்ட்சைட் என்ற கேட் (கணினியில் வரைபடம் வரையும்) மென்பொருளின் இலவசப் பதிப்பு 2019 டிசம்பர் 31உடன் நின்றது, லினக்ஸ் பதிப்பும் கைவிடப்பட்டது. வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் ஆட்டோகேட் என்ற கேட் மென்பொருளுக்கோ லினக்ஸ் பதிப்பே கிடையாது. ஜனவரியில் மாற்று தேடிய அந்த அவசரத்தில்தான் ஏமாந்தேன்.

லினக்ஸுக்கென்றே உருவாக்கிய தொழில்முறை கேட் மென்பொருள், ஆட்டோகேடின் டிடபிள்யூஜி வடிவக் கோப்புகளைத் திறக்கும், சேமிக்கும், வாழ்நாள் உரிமம் என்று சொல்லி ஒரு விற்பனையாளர் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். செயல்விளக்கத்தின்போது தம் மடிக்கணினியில் தம் கோப்புகளை மட்டுமே திறந்து காட்டினார். என் கோப்பு ஒன்றைக் கொடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் வாரத்திலேயே வாடிக்கையாளரான ஒரு பவுண்டரியிலிருந்து (வார்ப்பாலை) வந்த, டிடபிள்யூஜியின் 2018 வடிவக் கோப்பு திறக்கவில்லை. பழைய வடிவத்தில் கேட்டு வாங்கியபோது திறந்தது, ஆனால் அளவுக்கோடுகள் சில காணாமல் போயிருந்தன. திருத்திச் சேமிக்கப் போனால் டிடபிள்யூஜி இல்லை, டிஎக்ஸ்எஃப் என்ற வேறொரு வரைபடக் கோப்பு வடிவம் மட்டுமே கிடைத்தது. சந்தேகப்பட்டு அமைப்புக் கோப்புகளைத் தேடியதில், அவை இருந்த அடைவின் பெயர் லிப்ரேகேட், அதாவது இலவசமாகவே கிடைக்கும் ஒரு கேட் மென்பொருளின் பெயர்! சின்னத்தையும் முகப்புப் படத்தையும் மாற்றியவர் அதை மாற்ற மறந்திருக்கிறார்.

லிப்ரேகேடை நான் குறை சொல்லவில்லை. இருபரிமாண வரைவுக்கு நல்ல மென்பொருள், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஜிபிஎல் என்ற அதன் திறமூல உரிமம் காசுக்கு விற்பதையும் தடுப்பதில்லை. ஆனால் விற்பவர் உரிமத்தின் நகலையும், மூலநிரலையோ அதைப் பெறும் வழியையோ வாங்குபவருக்குத் தரவேண்டும், ஆக்கியோரின் பதிப்புரிமைக் குறிப்பையும் அழிக்கக் கூடாது. இவர் ஒன்றையும் தரவில்லை, குறிப்பையும் நீக்கியிருந்தார். "அடுத்த அப்டேட்டில் டிடபிள்யூஜி வந்துவிடும் சார்" என்று இரண்டு மாதம் சொன்னார், பிறகு தொலைபேசியை எடுப்பதில்லை. பணமும் திரும்பவில்லை.

லினக்ஸில் நேரடியாக இயங்கும் பிரிக்ஸ்கேட் என்ற கேட் மென்பொருளுக்கு 30 நாள் சோதனைப் பதிப்பு உண்டு. க்யூகேட் புரொஃபஷனல் என்ற இன்னொரு கேட் மென்பொருளின் சோதனைப் பதிப்பு 15 நிமிடத்துக்கு ஒருமுறை மூடிக்கொண்டாலும், டிடபிள்யூஜியைச் சோதிக்க அது போதும். எதை வாங்குவதானாலும், உங்கள் வாடிக்கையாளர் அனுப்பிய கோப்பையே திறந்து, ஓர் அளவை மாற்றி, டிடபிள்யூஜியாகச் சேமித்து, அவருடைய ஆட்டோகேடில் சரியாகத் திறக்கிறதா என்று அவரிடமே கேட்ட பிறகு பணம் கொடுங்கள். பிரிக்ஸ்கேடை நான் அப்படித்தான் சோதித்தேன். எதில் வரைந்தது என்று பவுண்டரிக்காரருக்குத் தெரியவேயில்லை.