யார்ணமில் இன்னும் விடியவில்லை

யார்ணம் என்ற நகரில் நடக்கும், 2015இல் வந்த ‘பிளட்போர்ன்’ பேய் விளையாட்டின் வட்டை மறுபடியும் பிளேஸ்டேஷனில் போட்டேன். சிங்கப்பூரில், தெம்பனிஸ் வீவக அடுக்குமாடி வீட்டில், அம்மா தூங்கியபின், கையில் கோப்பி ஓ.

அடிபட்டால் ஓடிப் பதுங்க வைக்கும் பேய் விளையாட்டுகள்தான் அதிகம். இதில் உடனே திருப்பி வெட்டினால் இழந்த உயிரில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். பயந்தாங்கொள்ளியையும் முன்னால் தள்ளும் வித்தை! கல்லறைத் தோட்டத்தில் கேஸ்காயின் பாதிரியார் என்னைப் பதினோரு முறை கொன்றார். அப்புறம்தான் சன்னலுக்குப் பின்னாலிருந்து சிறுமி தந்த இசைப்பெட்டி நினைவுக்கு வந்தது. அதை ஒலிக்கவிட்டதும் தலையைப் பிடித்துக்கொண்டு துடித்தார். சரி, வெட்டிவிட்டேன்; ஆனால் கை கூசியது. அவர் அந்தச் சிறுமியின் அப்பா.

திரையில் நொடிக்கு 30 பிரேம் (படம்)தான், கண்ணை உறுத்துகிறது. இருந்தும் ‘ரெசிடென்ட் ஈவில் 4’ என்ற இன்னொரு பேய் விளையாட்டைவிட இதற்கே என் ஓட்டு.

“யாருடா இந்நேரத்துல அலறுறது?” என்று அம்மா எழுந்து வந்துவிட்டார். அலறியது நான்தான்.