சம்பு வைக்கலாமா, பவுண்டன் கிராஸ் வைக்கலாமா? ரெண்டு வருஷம் வளர்த்துப் பார்த்துட்டு எழுதுறேன்

மடிப்பாக்கத்துல எங்க வீட்டுக்குப் பின்னாடி 20க்கு 12 அடி இடம் இருக்கு. அங்க உயரமா, காத்துல ஆடுற மாதிரி ஏதாவது வேணும்னு ரொம்ப நாள் ஆசை. எங்க ஊர் ஏரியில சம்பு அடர்ந்து நிக்கும், ஸ்கூல் விட்டு வரும்போது அந்த ப்ரவுன் கதிரை ஒடிச்சு ஊதுவோம், பஞ்சு பஞ்சா பறக்கும், அந்த ஞாபகம் தான் முதல் காரணம். சில பேர் நாணலையும் இதையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறாங்க. நாணல் ஆத்தோரம் வெள்ளையா பூக்குறது, சம்பு தண்ணிக்குள்ளயே நின்னு கொழுக்கட்டை மாதிரி கதிர் விடுறது.

நர்சரியில இத கேட்டெயில்னு கேட்டா தான் தெரியுது. தொட்டி 250 ரூபா சொன்னாங்க. கூடவே அழகுக்கு வைக்குற புல்லு, பர்ப்பிள் பவுண்டன் கிராஸ் நாலு, ஒண்ணு 180. பள்ளிக்கரணை பக்கத்துல தானே இருக்கு, அங்கயே சம்பு கிடக்குதே, பிடுங்கிட்டு வந்தா என்னன்னு ஒரு நண்பர் கேட்டார். தயவுசெஞ்சு அப்படி செய்யாதீங்க. அது 2022ல ராம்சர்ங்கிற சர்வதேச சதுப்பு நிலப் பட்டியல்ல சேர்ந்த இடம், அங்க இருக்குற சம்புல தான் கீத்து தூக்கணாங்குருவி கூடு கட்டுது.

முதல்ல சம்பு பத்தி. நர்சரிக்காரர் ஈரமா இருக்குற இடத்துல தரையிலயே வைங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னார். நான் நம்பி வாஷிங் மெஷின் தண்ணி போற இடத்துல ஒரு துண்டு நட்டேன், இன்னொரு துண்ட சிமெண்ட் தொட்டியில வெச்சேன். ஆறு மாசத்துல நட்ட இடத்துல இருந்து அஞ்சடி தள்ளி, தொவைக்குற கல்லு ஓரத்துல எல்லாம் முளை வந்துடுச்சு. மண்ணுக்கு அடியில கிழங்கு மாதிரி தண்டு ஓடுது, நுனி ஈட்டி மாதிரி கூர்மையா இருக்கும், மேல வெட்டினா போதும்னு நினைச்சா அடியில இருந்து திரும்ப வரும். கடப்பாரை போட்டு ரெண்டு ஞாயித்துக்கிழமை தோண்டி எடுத்தோம், அதுக்கப்புறமும் மூணு மாசம் அங்கங்க தலை காட்டிட்டே இருந்துச்சு. பிளாஸ்டிக் ஷீட் விரிச்சு குளம் கட்டியிருக்கீங்கன்னா இன்னும் கவனம், அந்த கூர் நுனி ஷீட்டையே குத்திடும்.

ஆனா தொட்டியில வெச்சது இருக்கே, அது வேற விஷயம். ஓட்டை இல்லாத ரெண்டடி சிமெண்ட் தொட்டி, அதுல முக்கால்வாசி களிமண். கோகோபீட் (தேங்கா நார்த்தூள்) கலந்த பாட்டிங் மிக்ஸ் போட்டுடாதீங்க, தண்ணி ஊத்தினதும் மிதந்து மேல வந்துடும். மண்ணுக்கு மேல நாலு விரல்கட தண்ணி நின்னா போதும். வெயில் நல்லா வேணும். ஒரு வருஷத்துல ஏழடிக்கு மேல போச்சு, ரெண்டாவது வருஷம் தான் கதிர் விட்டுச்சு. மேல இருக்குறது ஆண் பூ, மஞ்சப்பொடி கொட்டிட்டு வெறும் குச்சியாயிடும், கீழ இருக்குற பெண் பூ தான் பச்சையில இருந்து ப்ரவுனா மாறுறது. நர்சரி லேபிள்ல லாட்டிஃபோலியா, அதாவது அகல இலை வகைன்னு போட்டிருந்துச்சு, அதுல ரெண்டு பூவும் ஒட்டினாப்புல இருக்கும், ஆனா என்கிட்ட இருக்குறதுல ரெண்டு பூவுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு, அதனால இது அகல இலை வகை இல்ல, குறுகின இலை வகை. வாங்குறவங்க இத பார்த்தே கண்டுபிடிச்சுக்கலாம்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது தும்பி தான். தண்ணிக்குள்ள வளர்ற தும்பி குஞ்சு ராத்திரியில தண்டு மேல ஏறி, தோலை உரிச்சுட்டு பறந்து போகுது, காலையில அந்த காஞ்ச தோல் இலையில ஒட்டிக்கிட்டு இருக்கும். என் பொண்ணு எண்ணி எண்ணி ஒரு டப்பாவுல சேர்த்து வெச்சிருக்கா. எந்த புல்லு வெச்சாலும் இது கிடைக்காதுங்க.

கொசு வருமான்னு எல்லாரும் கேக்குறாங்க. தண்ணிய சும்மா விட்டா கண்டிப்பா வரும், டெங்கு கொசு இந்த மாதிரி தேங்குன தண்ணியில தான் முட்டை போடும். நான் எட்டு கப்பி மீன் விட்டேன், புழு ஒண்ணு விடாம தின்னுடுது. கார்ப்பரேஷன்ல இருந்து செக் பண்ண வந்தவங்க கூட டார்ச் அடிச்சு பார்த்துட்டு மீன் இருக்குல்ல, சரின்னு போயிட்டாங்க. இன்னொண்ணு, கதிர் வெடிக்கிறதுக்கு முன்னாடியே வெட்டிடணும். ஒரு கதிர்ல லட்சத்துக்கு மேல விதை இருக்கும், காத்துல போய் பக்கத்து காலி மனையில தண்ணி தேங்குற பள்ளத்துல விழுந்தா அங்கயும் வந்துடும். வெட்டுன கதிரை ஜாடியில வெச்சா மாசக்கணக்குல அழகா இருக்கு.

இப்ப பவுண்டன் கிராஸ். பார்க்க முதல் நாள்ல இருந்தே அழகு, கருஞ்சிவப்பு இலை, அணில் வால் மாதிரி கதிர் வளைஞ்சு தொங்கும், சாயங்கால வெயில் பின்னாடி இருந்து பட்டா தகதகன்னு இருக்கும். மூணடி நாலடிக்கு மேல போகல. வாரத்துக்கு ரெண்டு தடவ தண்ணி, அவ்வளவு தான். பரவுற தொல்லையே இல்ல, ஏன்னா இந்த பர்ப்பிள் வகை பெரும்பாலும் முளைக்கிற விதை வைக்காது, தூரை பிரிச்சு தான் நடணும். பச்சை வகைய கொடுத்தா வாங்காதீங்க, அது விதை போட்டு பரவும், ஹவாய் தீவுல அது காட்டு நிலத்துல பரவி காஞ்சு காட்டுத்தீய பெருசாக்குதுன்னு அங்க பெரிய பிரச்சனையாவே ஆயிடுச்சு. நிழல்ல வெச்சா கலர் போயிடும், ஒண்ண மாமரத்தடியில வெச்சேன், பச்சையடிச்சு பூக்கவே இல்ல.

ஆனா ஐப்பசி கார்த்திகை மழை தான் இதுக்கு எமன். முதல் வருஷம் நாலு நாள் தண்ணி நின்னதுல ரெண்டு செடி அடி அழுகி போச்சு, பிடிச்சு இழுத்தா கையோட வந்துடுச்சு, மனசே ஆறல. மிச்ச ரெண்ட முக்கால் அடி உசரமா செங்கல் பாத்தி கட்டி, மணல் கலந்து மாத்தி வெச்சேன், அடுத்த மழையில ஒண்ணும் ஆகல. பூத்து முடிஞ்சதும் அரை அடி விட்டு மொத்தமா வெட்டிட்டா புதுசா கிளம்புது. சில்லைக் குருவிங்க வந்து கதிரை உருவிட்டு போகுது, கூட்டுக்கு போல.

தண்ணியும் நிக்கும், கோடையில காஞ்சும் போகும், ரெண்டும் நம்ம இடத்துல நடக்கும்னா இது ரெண்டையும் விட்டுட்டு வெட்டிவேர் வைங்க. அப்பா கடலூர்ல இருந்து ரெண்டு தூர் கொண்டு வந்து கொடுத்தார், தண்ணி நின்னப்பவும் அசையல, மே மாசத்துலயும் பச்சையா தான் இருந்துச்சு. பூ அவ்வளவு பார்வையா இருக்காது, வேலி மாதிரி நெருக்கமா நிக்கும், வேர் பக்கவாட்டுல ஓடாம நேரா கீழ இறங்கும்.

பால்கனி மட்டும் இருக்குறவங்களுக்கு பவுண்டன் கிராஸ் போதும், 12 இன்ச் தொட்டி, கீழ ஓட்டை கண்டிப்பா இருக்கணும். மொட்டை மாடியில சம்பு வைக்கணும்னா தண்ணியும் களிமண்ணும் சேர்ந்து தொட்டி என்ன வெயிட் வரும்னு பார்த்து, தூண் இருக்குற மூலையில வைங்க, காத்துக்கு சாயவும் சாயும். எனக்கு ஒண்ணு தான் வெச்சுக்க முடியும்னா நான் சம்பு தொட்டிய தான் வெச்சுப்பேன், இத்தனை வேலை வாங்கியும்.

வருஷத்துக்கு ஒரு தடவ தொட்டிய கவுத்து பாதி கிழங்கை வெட்டி எடுத்தே ஆகணும், இல்லன்னா நெருக்கத்துல கதிர் விடாது. இந்த தை மாசம் எடுத்ததுல அஞ்சு துண்டு இருக்கு. கேக்குறவங்களுக்கு தர்றேன், தரையில நட மாட்டேன்னு சொன்னா மட்டும்.