அம்பாசடரில் காற்றுக் கசிவு: ஸ்ப்ரேயா, தண்ணீரா, புகையா?

சோக் (பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் இழுப்பான்) இழுத்திருக்கும்வரை என் பழைய 1489 சிசி அம்பாசடர் ஒழுங்காக ஓடும். சூடாகி, சோக்கை உள்ளே தள்ளியதும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது ஓடும் வேகம்) ஏறி இறங்கும். சிக்னலில் ஆஃப் ஆகிவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குக் கீழே எங்கோ தேவையில்லாத காற்று போகிறது என்று சந்தேகப்பட இது போதும். எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

மெக்கானிக்குகள் உடனே எடுப்பது கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. இன்ஜினை ஓடவிட்டு ஜாயின்ட்டுகளில் அடித்தால், கசிவு உள்ள இடத்தில் உள்ளே போய் ஐடிலிங்கை மாற்றும். பதில் சட்டென்று கிடைக்கும். ஆனாலும் அம்பாசடரில் இதை நான் செய்யவிட மாட்டேன். கலவை உள்ளே போகும் இன்டேக், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் என்ற இரண்டு மேனிஃபோல்டும் (குழாய்த் தொகுதியும்) ஒரே பக்கம், ஒட்டி ஒட்டி இருக்கின்றன. கொதிக்கிற இரும்பின்மேல் எரியக்கூடியதைத் தெளிப்பது எவ்வளவு ஆபத்து! அதோடு ஃபேன் காற்று ஸ்ப்ரேயைக் கலைத்துவிடும். கார்புரேட்டர் வாய் அதைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டாலும் போதும், ஐடிலிங் மாறும்; அதைக் கசிவு என்று நம்பி நல்ல கேஸ்கெட்டை (ஜாயின்ட்டை அடைக்கும் தகட்டை) கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

தண்ணீரில் அந்தப் பயம் இல்லை. ஊசி எடுத்த சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக ஜாயின்ட்டின்மேல் விட வேண்டும். ஓட்டையைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும், இன்ஜின் சத்தம் மாறும். ஸ்பார்க் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் மட்டும் தண்ணீர் போகக் கூடாது. மிகச் சின்னக் கசிவு இதற்குச் சிக்காமல் போகலாம். அதற்கு முன்னால், அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஃபேன் பெல்ட்டில் படாமல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். 'ஸ்ஸ்' என்ற சத்தம் பாதி வழி காட்டிவிடும்.

இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சு அழுத்தத்தைக் காட்டும் வாக்குவம் கேஜ், கசிவு இருக்கும் இடத்தைச் சொல்லாது. ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) சரியான அளவு. முள் ஆடாமல் கீழேயே நின்றால் கசிவாக இருக்கலாம், ஸ்பார்க் டைமிங் பின்தங்கியும் இருக்கலாம். ஊட்டியில் வைத்துப் பார்ப்பவர்கள் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் கழித்துக்கொள்ளுங்கள்.

புகை மெஷின்தான் இருப்பதிலேயே நுட்பமானது. இன்ஜினை நிறுத்தி, கார்புரேட்டர் வாயை மூடி, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை விட்டால் தேய்ந்த த்ராட்டில் ஸ்பிண்டிலில்கூட (ஆக்சிலரேட்டரோடு திரும்பும் தண்டில்கூட) இழை இழையாக வெளியே வரும். ஆனால் சூட்டில் மட்டும் திறக்கிற கசிவு ஆறிய இன்ஜினில் தெரியாமல் போகலாம். வீட்டில் வாங்கி வைக்கிற சாமானும் இல்லை.

என் வண்டியில் சிக்கியது தண்ணீருக்குத்தான். 3, 4 சிலிண்டர்களுக்குப் போகும் இன்டேக் ஃபிளாஞ்சில் (இன்ஜினோடு பொருந்தும் விளிம்பில்) சொட்டு விழுந்ததும் 'ஸ்ஸ்' நின்றது, கேஜ் முள் 14இலிருந்து 17க்குத் தாவித் திரும்பியது. நட்டைக் கழற்றினால், இரண்டு மேனிஃபோல்டையும் சேர்த்து அழுத்த வேண்டிய தடித்த வாஷர், தடிமன் கூடிய எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. வாஷரின் ஒரு பக்கத்தை அரத்தால் தேய்த்துப் படிக்கட்டுபோல் இறக்கி, புது கேஸ்கெட் போட்டேன். இப்போது சோக் இல்லாமலே முள் 18இல் நிற்கிறது.