கார் ஷோரூம் சலுகைகள்: எது நிஜம், எது கண்கட்டு

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் விலை பெரும்பாலும் அடிப்படை வேரியண்டுக்கானது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் 'முதல்' என்றோ ஒரு நட்சத்திரக் குறியோ இருக்கும். உள்ளே போனால் டெஸ்ட் டிரைவுக்கு நிற்பது டாப் வேரியண்ட். சன்ரூஃபும் பெரிய திரையும் மனதில் ஒட்டிக்கொண்ட பிறகு, விளம்பரத்தில் பார்த்த வண்டி "ஸ்டாக் இல்லை" ஆகிவிடும். வாங்கப்போகும் வேரியண்டையே ஓட்டக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் இன்ஜினும் கியர்பாக்ஸுமாவது அதேயாக இருக்கட்டும்.

விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வி பல இடங்களில் ஒன்றுதான்: "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" இதற்கு ஒரு தொகையைச் சொன்னால் பேரத்தில் பாதி முடிந்துபோகும். அந்தத் தொகைக்குள் எந்த விலையையும் அடக்கிவிடலாம், தவணைக் காலத்தை நீட்டினால் போதும். 9 சதவீத வட்டியில் வாங்கிய கடனை 5 ஆண்டில் அடைத்தால், வட்டி மட்டும் அசலில் சுமார் 24.5 சதவீதம். 7 ஆண்டாக்கினால் மாதத் தவணை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும், ஆனால் வட்டி 35 சதவீதமாக ஏறும்.

"வெறும் 7 சதவீதம்" என்றால் அது ஃபிளாட் வட்டியா, குறையும் அசல் மேல் வட்டியா என்று கேளுங்கள். ஃபிளாட் முறையில் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி ஓடும். 5 ஆண்டுக் கடனில் 7 சதவீத ஃபிளாட் என்பது குறையும் அசல் கணக்கில் சுமார் 12.5 சதவீதம். சரிபார்க்கச் சுலபமான வழி: தவணையை மாதங்களால் பெருக்குங்கள், முன்பணத்தையும் செயலாக்கக் கட்டணத்தையும் கூட்டுங்கள், மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று தெரிந்துவிடும். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது தவணைக் காலமும் முன்பணமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அதிகம் ஏமாறும் இடம் எக்ஸ்சேஞ்ச். புதிய காரின் விலை, பழைய காரின் மதிப்பு, முன்பணம், தவணை, நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பேசுவார்கள். பழைய வண்டிக்கு வெளிச்சந்தையை விட 3 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தால் நமக்குச் சந்தோஷம். அதே தாளில், புதிய காருக்கு முதலில் 5 சதவீதம் என்ற தள்ளுபடி சத்தமில்லாமல் 2 சதவீதமாகியிருக்கும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் எக்ஸ்சேஞ்ச் பேச்சையே எடுக்காமல் புதிய காரின் இறுதி விலையை எழுத்தில் வாங்குங்கள். பழைய காருக்கு வெளியே இரண்டு இடங்களில் விலை கேட்டுவிட்டு, அதன் பிறகு ஷோரூமில் கேளுங்கள். கடன் பேச்சு கடைசியில்.

கொட்டேஷனில் வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் தவிர வேறு என்னென்ன கட்டணங்கள் இருக்கின்றன என்று விரல் வைத்துப் படியுங்கள். 'ஹேண்ட்லிங்', 'எசென்ஷியல் கிட்', 'பெயின்ட் புரொடெக்‌ஷன்' என்று வருபவை பெரும்பாலும் ஷோரூம் தானாகச் சேர்த்தவை. ஒவ்வொன்றுக்கும் "இது கட்டாயமா?" என்று கேட்டு, இல்லையென்றால் நீக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸுக்கு வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கும்போது காரின் காப்பீட்டு மதிப்பும் ஆட்-ஆன்களும் (கூடுதல் பாதுகாப்புகள்) ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மதிப்பைக் குறைத்து பிரீமியத்தை மலிவாகக் காட்டுவதும் உண்டு. இலவச ஆக்சசரீஸை விட அதே மதிப்புக்குப் பணத் தள்ளுபடி எப்போதும் மேல். சீட் கவருக்கும் மேட்டுக்கும் அவர்கள் போடும் விலை அவர்கள் வைத்ததுதான்.

மாதக் கடைசிச் சலுகையை முழுப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். விற்பனை இலக்கை எட்ட ஓரிரு வண்டிகள் குறையும்போது உண்மையாகவே இறங்கி வருவார்கள். "இன்று மட்டும்" என்பதைத்தான் நம்பக்கூடாது. புக்கிங் பணம் திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளில், எவ்வளவு பிடித்தம் என்பது ரசீதிலேயே இருக்க வேண்டும்.

ஆண்டு இறுதித் தள்ளுபடியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2324 என்றால் டயர் தயாரானது 2024-இன் 23-ஆவது வாரம். கார் டயரை விடச் சில வாரம் புதியதாக இருப்பது இயல்பு. பல மாதம் வெயிலில் நின்ற வண்டியென்றால் பேட்டரி, வைப்பர் ரப்பர், பிரேக் டிஸ்க்கில் துரு மூன்றையும் பாருங்கள். இதையெல்லாம் பதிவுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் பார்த்து, சேசிஸ் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிட்ட பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.