நெல் கொள்முதலில் லஞ்சம்: முன்பே புகாரா, ஏழு நாளுக்குள் புகாரா, அப்ரூவரா?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்பது டெல்டா விவசாயிகளுக்குப் பழகிப்போன சங்கதி. அந்தப் பணத்தைக் கொடுத்தவர் மேலும் வழக்குப் பாயலாம் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில், லஞ்சம் கொடுத்ததாகச் சாட்சி சொன்னவர் மேல் அதற்காக வழக்குப் போடக் கூடாது என்று 24-ஆம் பிரிவு காப்பு கொடுத்திருந்தது. 2018 ஜூலையில் வந்த திருத்தம் அதை நீக்கிவிட்டது. இப்போது 8-ஆம் பிரிவின்படி கொடுப்பதே தனிக் குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

கொடுத்தவருக்கு மிஞ்சியிருக்கும் பாதுகாப்பு மூன்று. பணம் கொடுக்கும் முன்பே புகார் செய்வது ஒன்று. கொடுத்த ஏழு நாளுக்குள் புகார் செய்வது இரண்டு. வழக்கில் சிக்கியபின் அப்ரூவர் ஆவது, அதாவது உண்மையைச் சொல்லி மன்னிப்புப் பெற்று அரசுத் தரப்புச் சாட்சியாவது மூன்று. முதல் வழியையே எடுங்கள் என்பேன். மற்ற இரண்டும் வேறு வழி இல்லாதபோது.

முன்பே புகார் செய்வதன் பலம் 8-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில் இருக்கிறது. சட்ட அமலாக்க அல்லது புலனாய்வு அமைப்புக்குத் தகவல் சொல்லிவிட்டு, விசாரணைக்கு உதவுவதற்காகப் பணம் கொடுத்தால் அது குற்றமே ஆகாது. ‘கட்டாயப்படுத்தினார்கள்’ என்று நிரூபிக்கும் சுமை இங்கே கிடையாது. லஞ்ச ஒழிப்புத் துறையில் எழுத்துமூலம் புகார் கொடுத்தால், விசாரித்து முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வார்கள். வேறு துறை அரசு ஊழியர் இரண்டு பேரைச் சாட்சியாக அழைப்பார்கள். நோட்டு எண்களை எழுதிக்கொண்டு பினாப்தலீன் பவுடரைத் தடவித் தருவார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும்.

இந்த வழி சொதப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில். பட்டியல் எழுத்தர் வாய் திறப்பதற்குள் பதற்றத்தில் நோட்டை நீட்டிவிடுவார்கள். கை சிவந்தது மட்டும் போதாது, பணம் கேட்டது நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. புகார்தாரர் இறந்தாலும் பிறழ்சாட்சி ஆனாலும், கேட்டதைச் சூழ்நிலைச் சான்றுகளால் நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் நீரஜ் தத்தா வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனாலும் உடன் வரும் சாட்சியின் காதில் விழும்படி எழுத்தரே பணம் கேட்கட்டும். அதுவரை நோட்டு சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

நெல் களத்தில் கிடக்க, மேகம் கறுத்து வரும்போது புகார் எழுத உட்கார யாருக்கு மனம் வரும்? அந்த அவசரத்தில் கொடுத்துவிட்டவருக்குத்தான் ஏழு நாள் விதி. இதில் இரண்டு நிபந்தனைகள். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த தேதியிலிருந்து ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும். கட்டாயம் என்பது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். மத்திய அரசு தளர்வு தராத பருவத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மீட்டர் 16 காட்டியும் ‘ஈரம், திருப்பிக் கொண்டு போ’ என்று சொல்லிக் காசு வாங்கினால் அது கட்டாயம் என்று வாதிட வலுவான இடம் உண்டு. மீட்டர் 19 காட்டிய நெல்லைத் தள்ளிவிடக் காசு கொடுத்தவர், சலுகையை விலைக்கு வாங்கியவர் ஆகிறார். அவருக்கு இந்தக் காப்பு கிடைப்பது கடினம். ஆகவே மீட்டர் அளவைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

எடை இரண்டு மூன்று நாள் இழுத்து, தவணையாகப் பணம் கொடுத்திருந்தால் முதல் தவணையிலிருந்தே எண்ணுங்கள். ஜிபேயில் அனுப்பியிருந்தால் தேதிக்கு நல்ல சான்று. அதே பதிவு ஏழு நாள் தாண்டினால் நமக்கு எதிராகவே நிற்கும்.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒன்றுதான்: எந்தத் தேதியில், யாரிடம் சொன்னோம் என்பதற்குக் கையில் காகிதம் இருக்கிறதா? திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனு, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எழுந்து பேசியது, கொள்முதல் மண்டல மேலாளருக்குப் போட்ட கடிதம் இவற்றை நம்பி ஏழு நாளைக் கழித்துவிடாதீர்கள். சட்டம் கேட்பது சட்ட அமலாக்க அல்லது புலனாய்வு அமைப்பை. லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகம் தூரமென்றால் உள்ளூர்க் காவல் நிலையத்திலாவது கொடுத்து, மனு ஏற்பு ரசீதைக் கையோடு வாங்குங்கள். வழக்குப் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். ரசீது தர மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் சீட்டை வையுங்கள்.

பின்னால் கொடுக்கும் புகாருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அரசு ஊழியர் தன் பணியில் எடுத்த முடிவு தொடர்பான குற்றச்சாட்டை விசாரிக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17-ஏ பிரிவு முன் அனுமதி கேட்கிறது. கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குக்கு அது தேவையில்லை. மூட்டைக்குக் காசு கேட்பது அப்படியொரு ‘முடிவு’ ஆகாது என்று வாதாடலாம். வாதாட வேண்டியிருக்கிறது என்பதே தாமதம்தான்.

மூன்றாவது வழி விவசாயிக்குப் பெரும்பாலும் வேண்டியிராது. வெளியூர் நெல்லை விவசாயிகள் பேரில் போலி அடங்கலோடு (சாகுபடிச் சான்று) தள்ளிய வியாபாரி, நடுவில் நின்று பணம் வசூலித்தவர் போன்றோருக்கானது அது. அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, ஏழு நாளும் போயிருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 343, 344 பிரிவுகளில் நீதிமன்றம் மன்னிப்பு வழங்கலாம். ஊழல் வழக்குகளில் சிறப்பு நீதிபதிக்கும் அந்த அதிகாரம் உண்டு. கேட்டாலே கிடைக்கும் உரிமை அல்ல இது. தன் பங்கு உட்பட முழு உண்மையையும் சொல்ல வேண்டும். 343-இன்கீழ் மன்னிப்புப் பெற்றவர் ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால், வழக்கு முடியும் வரை காவலில் இருக்க வேண்டும் என்பதே விதி. ஒன்றை மறைத்தாலோ பொய் சொன்னாலோ, அரசு வழக்கறிஞர் சான்று அளித்தால் பழைய குற்றத்துக்கே விசாரணை நடக்கும். அப்போது மன்னிப்புக்காக அவர் கொடுத்த வாக்குமூலத்தையே அவருக்கு எதிரான சாட்சியமாக வைக்கலாம்.